படகுத்துறை நாயகனும் பலகைத் தடுப்பும்

மார்ச் 11, புதன்கிழமை. காலை முதல் விடாத தூறல்.

நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு, பேராசிரியை நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். கன்னத்தில் கை, வாய் பாதி திறந்திருந்தது, பார்வை மின்விசிறியில் நிலைத்திருந்தது.

"நல்லாப் பாத்துக்கோங்க. நம்ம கதாநாயகன் நாவல் பூரா இப்படித்தான் உக்காந்திருக்கான்."

வகுப்பு சிரித்தது. அண்டை வீட்டுக்காரன் என்ற உரிமையில் அனுமதி பெற்றுக் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த நானும் சிரித்தேன்.

நவீனச் செவ்வியல் எனப் போற்றப்படும் அந்நாவலில், படகுத்துறையில் பயணச்சீட்டு விற்பவன், அக்கரைக்குப் போன காதலிக்காக முதுமை வரை காத்திருக்கிறான். அவள் திரும்புவதில்லை. அறிஞர்கள் அதைக் காதல் என்பர். பேராசிரியை சோம்பல் என்பார். "டிக்கெட் விக்கறவனே அவன்தான்! தனக்கு ஒண்ணு கிழிச்சுக்கிட்டுப் படகுல ஏற வேண்டியதுதானே?" தம்முடைய பிரதியின் ஓரங்களில் அவர் பென்சிலால் எழுதியுள்ள ஒரே விமர்சனம், "எழுந்திருடா" என்பது. அவர் பேச்சில் எழுவாயும் பயனிலையும் அரிதாகவே சந்திக்கும். ஆயினும் பொருள் ஒருபோதும் வழி தவறாது.

பலகைத் தடுப்புக்கு அப்பால், அவருடைய கணவர் மற்றொரு பிரிவுக்கு அதே நாவலை நடத்திக்கொண்டிருந்தார். "காத்திருத்தல் ஒரு தவம்!" என்னும் முழக்கம் தடுப்பைத் துளைத்து வந்தது.

பேராசிரியை டஸ்டரால் தடுப்பைத் தட்டினார். "தவமாம் தவம்! வீட்ல காலிங்பெல் அடிச்சா எழுந்து போறது யாருன்னு கேளுங்கப்பா அவரை!"

"மேடம், உங்க பாடத்த மட்டும் பாருங்க!" என்றது தடுப்பு.

அப்போதுதான் முன்வரிசைப் பெண் எழுந்தாள். இவ்வாண்டு விடைத்தாள்களைப் பிரிவு மாற்றித் திருத்த வேண்டும் என்பது துறையின் ஆணை. "மேடம், எங்க பேப்பர் சார்கிட்டதானே போகும்? சோம்பேறின்னு எழுதினா ஃபெயில் போட்டுடுவாரே! இதுல போச்சுன்னா எனக்கு மேல்படிப்புக்கு சீட்டே கிடைக்காது."

பேராசிரியை டஸ்டரை மேசைமேல் வைத்தார்.

"தோணுறத எழுது. ஏன்னு காரணம் காட்டி எழுது. மத்தத நான் பாத்துக்கறேன்."

தேர்வுக்குப் பின் ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு தலையணை தடுப்பாக நின்றது. அதன் இருபுறமும் இருவரும் திருத்திக்கொண்டிருந்தனர்.

"உன் பசங்க மொத்தப் பேரும் அந்த டிக்கெட்டையே பிடிச்சுத் தொங்குறாங்கம்மா!" என்று கணவர் புலம்பினார்.

"அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா?"

"இல்ல."

"அப்ப மார்க்கப் போடுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார், தாராளமாகவே போட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, தலையணைக்கு மேலாகக் கவலையோடு எட்டிப் பார்த்தார். அவருடைய மாணவர்களின் கதி மனைவியின் கையில் அல்லவா இருந்தது? பேராசிரியை ஒரு தாளை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தார். காதலே என்று வாதாடிய தாள் அது. மூக்கை உறிஞ்சினார், கண்ணாடியைத் துடைத்தார், அன்றைய விடைத்தாள் கட்டிலேயே மிக உயர்ந்த மதிப்பெண்ணை அதற்கு இட்டார்.

"அப்படியானால், அவன் காத்திருந்தது காதல்தானா அம்மா?" என்று கேட்டேன்.

"சோம்பல்தான் சார். பிள்ளை நல்லா எழுதியிருக்கு."