சஷ்டி, கார்த்திகை, செவ்வாய்

அம்மா சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைகள் எடுத்து வந்து வாட்ஸ்அப்பில் விற்கிறாள். புதுச்சேலை வந்தால் தங்கைக்குக் கட்டிவிட்டு, மொட்டை மாடியில் நிறுத்திப் படம் எடுப்பாள். கழுத்துக்குக் கீழேதான் படம். முகமே தெரியாத படத்துக்கும் அவளைத்தான் கூப்பிட்டாள்.

"அவளுக்குக் கட்டுனா கொசுவம் அழகா நிக்குதுடி" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். சேலையை மடித்து வைக்கும் வேலை எனக்கு. மடிக்க மடிக்க வயிறு எரிந்தது. சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தது அந்தப் பொறாமையில்தான். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

அந்த மார்கழியில் பழனிக்கு மாலை போட்டேன். மாலை போட்டவளை இன்னொரு வாய் சாப்பிடு என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள். தைப்பூசத்துக்கு நடந்து போய் மாலையைக் கழற்றிவிட்டு வந்த பிறகும் பழையபடி சாப்பிட முடியவில்லை. தட்டைப் பார்த்தாலே பயம் வந்தது. காலண்டர் கைகொடுத்தது. செவ்வாய் என்றேன், சஷ்டி என்றேன், கார்த்திகை என்றேன். முருகனுக்கு நாளுக்கா பஞ்சம்?

அம்மா நம்பினாள். சேலை கேட்டு யார் போன் போட்டாலும், "எங்க மூத்தவ முருகனுக்கு அம்புட்டு விரதம் இருக்கா. சின்னவளுக்கு வாயக் கட்டவே தெரியாது" என்பாள். தலை சுற்றி, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிய நாட்களிலும் அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. சின்னவளை முந்திவிட்டேன் அல்லவா? உண்மையைச் சொன்னால் அந்தப் பெருமை போய்விடும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சஷ்டியன்று காலையில், படத்துக்காகச் சேலை கட்டி நின்ற தங்கை இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நானும் அக்கா மாதிரி விரதம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இதையும் பிடுங்கப் பார்க்கிறாளே என்று. பிறகு கவனித்தேன். அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நான் தினமும் செய்கிற வேலை.

"அம்மா, நான் இருக்குறது விரதம் இல்லம்மா. சாப்பிடப் பயமா இருக்கு. சாப்பிடணும்னு நெனச்சாலும் முடியல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா."

"சாமி பேரச் சொல்லியாடி பொய் சொன்ன?"

"ஆமா."

"ஏன்டி?"

"அவளுக்குத்தான கொசுவம் நிக்குது."

அப்படிச் சொன்னதே அம்மாவுக்கு நினைவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். தட்டை எடுத்துத் தங்கை கையில் வைத்து, "நீ மொதல்ல தின்னு" என்றாள். சேலைப் படத்துக்குக் காத்திருந்த வாடிக்கைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்குப் படம் இல்லக்கா. மூத்தவளுக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தங்கையின் படம் நின்றுபோனதில் எனக்குச் சந்தோஷம்.

சேலையைக்கூட மாற்றாமல் அவளும் கூடவே கிளம்பினாள். ஆட்டோவில் அம்மா நடுவில் உட்கார்ந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து அந்தப் பக்கம் பார்த்தேன். இன்னொரு கை தங்கையைப் பிடித்திருந்தது.