சகலை காரில் வந்த தூக்கம்

ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. பிரேக் மாஸ்டர் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். ஒற்றைக் காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பழகுகிறவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் இவர் உட்கார்ந்திருப்பார். அந்த இருக்கையின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஓட்டுகிறவர் பதறினால் இவர் மிதித்துக் காப்பாற்றுவார். அந்தப் பட்டம் அப்படி வந்ததுதான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தச் சின்னக் காரில் கூரை தலையில் இடிக்கும். பின் இருக்கை, காத்திருந்த மாணவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகிப் போயிருந்தது. மிச்ச இடத்தை ஓட்டிப் பழக ரோட்டில் வைக்கிற கூம்புகளும் பலகைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. மாஸ்டரைக் கேட்டால், "அளவான வண்டி. கைக்கு அடக்கம்" என்பார். நாள் முழுக்க அந்த முன் இருக்கையில் குந்தியிருந்தவருக்கு இடுப்பில் ஒரு சுளுக்கு வந்ததில்லை. அதனால் அதில் வசதி குறைவு என்று சாமியே வந்து சொன்னாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

அவருடைய சகலை, அதாவது அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவன், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே மாஸ்டர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் புதுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். மாஸ்டரின் காரை அதற்குள் வைத்துப் பூட்டிவிடலாம் போல இருந்தது.

"அண்ணே, உக்காந்து பாருங்க. நீங்க சொன்னாத்தான் எனக்குத் திருப்தி" என்றான் சகலை. மனதில் கள்ளமில்லாமல்தான் சொன்னான். அதுதான் மாஸ்டருக்கு இன்னும் எரிந்தது.

அவர் ஒவ்வோர் இருக்கையாக உட்கார்ந்தார். முன்னால் காலை நீட்டினார், எதிலும் முட்டவில்லை. பின்னால் போய் உட்கார்ந்து, முன் இருக்கைக்கும் தன் முழங்காலுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போயிற்று. தலைக்கு மேலே தொப்பி போட்டுக்கொள்ளும் அளவுக்கு இடம். சாய்மானம் முதுகை அப்படியே வாங்கிக்கொண்டது. கதவைச் சாத்தினால் 'தொப்' என்று ஒரு மரியாதையான சத்தம். அவர் காரில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

"சீட்டு ரொம்ப மெத்துனு இருக்கு தம்பி. தூரமாப் போனா முதுகு பிடிச்சுக்கும்" என்றார் இறங்கிக்கொண்டே. "இவ்வளவு இடம் எதுக்கு? உள்ள கபடியா ஆடப் போறோம்?"

"அத்தானுக்குப் பொறாமை!" என்று கூட வந்திருந்த கொழுந்தியாள் கைதட்டிச் சிரித்தாள். மாஸ்டரும் சிரித்து வைத்தார்.

அன்று மாலை நாலு பேருமாக ஊரைச் சுற்றிவரப் போனார்கள். சகலை ஓட்ட, பக்கத்தில் மாஸ்டர். பின்னால் அக்காளும் தங்கையும். மாஸ்டரின் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களின் தலைமாட்டில் காலை முதல் மாலை வரை நின்றே ஆக வேண்டிய வேலை. அன்று விடுமுறைதான், ஆனால் வாரத்தின் அலுப்பு அப்படியே உடம்பில் இருந்தது. கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் பின்னால் பேச்சுக்குரல் ஒன்றாகக் குறைந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் நீட்டி, வாய் லேசாகத் திறந்து, அடித்துப் போட்ட மாதிரி தூக்கம்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தன் காரில் ஒரு கண் அசந்து அவர் பார்த்ததே இல்லை. எவ்வளவு தூரம் போனாலும் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவாள். தன் ஓட்டத்தை ரசிக்கிறாள் என்றே அவர் இதுநாள் வரை எண்ணியிருந்தார். நம்மிடம் வராத தூக்கம் இவனிடம் மட்டும் எப்படி வந்தது? அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே தையல் கடையில் இஞ்ச் டேப் இரவல் வாங்கிவந்து தன் காரை அளந்தார். அவன் காரையும் அளக்க வேண்டுமே! மூக்குக் கண்ணாடியைத் துடைக்கக் கொடுக்கிற சாக்கில் கடைக்குப் போய், வெளியே நின்ற காரை ஜன்னல் வழியாகக் கண்ணாலேயே அளந்துவிட்டு வந்தார். பிறகு பின் இருக்கைக்குப் புது ஸ்பாஞ்சு வைத்தார். முன் இருக்கையை நகர்கிற மட்டும் பின்னால் தள்ளினார். முதுகுக்கு ஒரு திண்டு, கழுத்துக்கு ஒரு திண்டு. டிரைவிங் பழக வந்த வங்கிக்காரர் ஒருவர், "என்ன மாஸ்டர், காருக்குச் சீமந்தமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும், "சும்மா ஒரு சுத்துப் போயிட்டு வரலாம், வா" என்று மனைவியைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டார். நல்ல ரோடாகப் பார்த்து, மெதுவாக, ஒரு மணி நேரம் ஓட்டினார். ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருந்தார். அவள் இரண்டு திண்டுக்கும் நடுவே முழித்துக்கொண்டிருந்தாள், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி.

"தூக்கம் வரலியா?" என்று கேட்டே விட்டார்.

"இதுலயா?"

"ஏன், இதுக்கு என்ன? அவன் கார்ல மட்டும் குறட்டை விட்டியே!"

அவள் குனிந்து தன் காலடியைக் காட்டினாள். பெடல்களில் படாமல் இரண்டு பாதத்தையும் இருக்கையின் அடிப்பக்கமாக மடக்கி ஒடுக்கி வைத்திருந்தாள்.

"கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் அசந்துட்டேன். கால் வழுக்கி பிரேக்ல பட்டு வண்டி நடு ரோட்ல நின்னுபோச்சு. பின்னாடி லாரி. 'தூங்குறதுன்னா வீட்லயே கெடக்க வேண்டியதுதானே'ன்னு ரோடே பார்க்கக் கத்துனீங்க. அதுல இருந்து இதுல ஏறினா எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

மாஸ்டருக்கு அந்த லாரியும் நினைவில்லை, கத்தியதும் நினைவில்லை. அவருக்கு அந்தப் பெடல் கால் வைக்கிற இடம். அவளுக்கு அது கால் வைக்கவே கூடாத இடமாக இருந்திருக்கிறது. இத்தனை வருஷமாக அது அவர் புத்திக்கு எட்டவேயில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் கழனிப் பானையில் விழுமாம் துள்ளி.

"பின்னாடி உக்காந்திருக்கலாமே" என்றார்.

"'என்னை டாக்சிக்காரன் ஆக்கப் பாக்கிறியா'ன்னு கேட்டது யாரு?"

"இத்தனை நாளா ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"சொன்னா பெடலைக் கழட்டிருவீங்களா? அதுதானே சோறு போடுது." கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அடுத்த மாதம் மாமியாரைப் பார்க்க வெளியூர் போக வேண்டியிருந்தது. அரை நாள் பயணம். விடியற்காலையில் சகலை காரோடு வந்துவிட்டான். "எல்லாரும் இதுலயே போயிரலாம் அண்ணே, தாராளமா இடமிருக்கு" என்றான்.

"என் வண்டிக்கு என்ன கேடு? நான் இதுலதான் வருவேன்" என்றார் மாஸ்டர் முறுக்கிக்கொண்டு.

மனைவி பையும் கையுமாக இரண்டு காருக்கும் நடுவே நின்றாள். முந்தின நாள் கிளினிக்கில் கூட்டம். வந்து படுக்கையில் விழுந்ததே பத்து மணிக்கு மேல். கண் சிவந்திருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஏறு என்று சொன்னால் ஏறிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். காலை மடக்கிக்கொண்டு அரை நாளும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவாள். அவள் தன்னோடுதான் வர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"அதுல ஏறு" என்றார். குரல் முரட்டுத்தனமாகத்தான் வந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் முன்னால் போகிற காரின் பின் கண்ணாடியில் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்வது தெரிந்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சகலை எங்காவது தப்புப் பண்ணினால் தேவலை என்றிருந்தது. ஒரு ரயில்வே கேட் வந்தது. சகலை தூரத்திலேயே காலை எடுத்து, விட்டு விட்டு மிதித்து, வண்டியைப் பூப்போல நிறுத்தினான். சாய்ந்த தலை அசையவில்லை. அப்படி மிதிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று மாஸ்டருக்கு உறைத்தது. "படுபாவி, நல்லா மிதிக்கிறான்" என்று வாய்விட்டே சொன்னார். பெருமையா வயிற்றெரிச்சலா என்று அவருக்கே தெரியவில்லை.

டீக்கடை ஒன்றில் சகலை நிறுத்தினான். மாஸ்டர் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்ந்தார். மனைவி கன்னத்தில் இருக்கைத் தையலின் தடத்தோடு இறங்கி, அவர் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏன் இவ்வளவு தள்ளி வர்றீங்க?"

"கிட்ட வந்தா பழக்கதோஷத்துல ஹாரன் அடிச்சிருவேன். நீ முழிச்சுக்குவ."

அவள் அவரையே பார்த்தாள். அவர் பக்கத்து இருக்கையையும் எட்டிப் பார்த்தாள். "நான் இதுல வரட்டுமா?" என்று கேட்டாள்.

வா என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. அவள் கண்ணில் இன்னும் பாதித் தூக்கம் மிச்சமிருந்தது.

"வேணாம்" என்றார் மாஸ்டர். "அங்கயே போ. போயி காலை நல்லா நீட்டிப் படு."