எண்ணெய்த் துளையில் வைத்த பொட்டு

இருசப்பனோடு ஒரு நாள் வேலை பார்த்தால் போதும், யாருக்கும் தலைவலி வந்துவிடும். வில்லியனூர் அரிசி மில்லில் அவர் எஞ்சின் டிரைவர். நான், தங்கவேல், மூட்டை எடை போடுகிறவன். அரைமணிக்கு ஒருமுறை புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பேரிங்கைத் தொட்டுச் சூடு பார்ப்பார். பத்து நாளுக்கு ஒருமுறை, வாசலில் எத்தனை வண்டி நெல் நின்றாலும் சரி, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்ப்பார். வண்டிக்காரர்களிடம் திட்டு வாங்குவது நான்.

"நல்லா ஓடறத எதுக்கு நிறுத்தற?" என்று ஒருநாள் கத்தினேன்.

"ஓடறப்பதான் பாக்கணும். நின்னு போனப்புறம் பாக்க இன்னா கீது?" என்று எரிந்து விழுந்தார்.

எஞ்சின் தண்டைத் தாங்கும் பேரிங் இரண்டு. ஒவ்வொன்றின் உச்சியிலும் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. அதில் எண்ணெய் விட்டால்தான் தண்டு வழுக்கிச் சுழலும். விடாவிட்டால் உள்ளே இருக்கும் வெண்கலம் கருகிவிடும். அந்த உச்சி பார்ப்பதற்கு நெற்றி மாதிரி இருந்து தொலைத்தது. ஆயுத பூஜையன்று முதலாளி சுப்பராயலுவின் மனைவி தையலம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தால், அவர் விரல் நேராகத் துளைக்குத்தான் போகும். அத்தனை பெரிய எஞ்சினில் வேறு இடமே இல்லை! வைத்த பொட்டைத் துடைப்பது அமங்கலம் என்று வேறு சொல்லிவிடுவார்.

"சக்கரத்துல வைங்கம்மா, எண்ணெ ஓட்டைல வாணாம்" என்று ஆறு வருஷம் மன்றாடியும் யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் இருசப்பனே ஒரு வழி கண்டுபிடித்தார். பூஜைக்கு முன்னால் துளைகளில் துணியைத் திரித்துச் செருகிவிடுவார். மறுநாள் விடியற்காலை யாரும் வருவதற்குள் சந்தனத்தோடு துணியை உருவிவிடுவார்.

1934-ஆம் வருஷ பூஜையின்போது அவர் குளிக்கப் போயிருந்தார். தையலம்மாளின் கண்ணில் அந்த அழுக்குத் துணி பட்டுவிட்டது.

"இன்னா கண்றாவி இது? எடுத்துப் போடு தங்கவேலு."

அது எதற்காக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இரண்டையும் உருவி எறிந்தேன். அம்மாள் துளை நிறைய சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார்.

மறுநாள் விடிந்து இருசப்பன் வந்தபோது மில் நிறைய உறவுக்காரர்கள். நல்ல நேரத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்க்க வந்திருந்தார்கள். அவர் துணியைத் தேடினார். விரலில் காய்ந்த சந்தனம்தான் தட்டியது.

"துணிய எடுத்தது யாரு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் நகத்தால் சுரண்ட ஆரம்பித்ததும் தையலம்மாள் அலறினார். "பொட்ட அழிக்காத!" முதலாளி, "நேரம் போவுது, ஓட்டுய்யா" என்றார். "கருகிடுங்க" என்று இருசப்பன் மூன்று தடவை சொன்னார். பிறகு ஓட்டினார். முக்கால் மணி நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. அவர் பாய்ந்து நிறுத்துவதற்குள் பேரிங் போய்விட்டது.

பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? பொட்டைச் சுரண்டினவர்மேல்! அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. புது பேரிங் மதராசிலிருந்து வந்து, பிரெஞ்சு எல்லையில் சுங்கக்காரர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, இங்கே வந்து சேரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. மாட்டத் தெரிந்த ஆள்தான் இல்லை.

இருசப்பனின் மனைவி காசம்மாள் எங்கள் மில் களத்தில் நெல் காயவைக்கிறவள். ஒருநாள் காலையில் தையலம்மாளை வழிமறித்து நின்றாள்.

"அம்மா, நேத்து வெச்ச பொட்டு எங்க?"

"மொகம் கழுவிட்டு வேற வெச்சேன்டி. ஏன்?"

"நேத்து பொட்ட நீங்களே அழிச்சிட்டீங்களா?"

தையலம்மாளின் கை தானாக நெற்றிக்குப் போனது. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். சாயங்காலம் இருசப்பனுக்கு ஆள் போயிற்று.

அதன்பிறகு எஞ்சினுக்கும் தினம் முகம் கழுவிப் புதுப் பொட்டு என்றாகி, காலையில் வீட்டிலிருந்து குங்குமம் வரும். இருசப்பன் எஞ்சினைத் துடைத்து, துளையைக் குத்திப் பார்த்து, எண்ணெய் விட்டு, இரண்டு விரற்கடை தள்ளிப் பொட்டு வைப்பார். அவர் ஆறு வருஷம் கேட்ட அதே வேலைதான். எண்ணெய் என்று சொன்னபோது ஏறாதது குங்குமம் என்றதும் எல்லார் மண்டையிலும் ஏறியது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் மனசு தாங்காமல், துணியை எடுத்தவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

"தெரியும். மூட்ட எட போடறவன் நகத்துல எண்ணெக் கறுப்பு எப்படிபா வரும்?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னயும் தொரத்துவாங்க. கருகுன பேரிங்கு திரும்பியா வரும்? தள்ளு, வெளிச்சத்த மறைக்கற" என்று புறங்கையை பேரிங் மேல் வைத்தார்.

நான் தள்ளி நின்றேன். அவர் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.