கண்மாயில் விட்ட கருணை

போன சனிக்கிழமை என் கணவர் ஓர் உயிரைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

மகள் ஆசைப்பட்டு மதுரையில் வாங்கிய அலிகேட்டர் கார் மீன். முதலை மாதிரி நீண்ட வாய். வந்தபோது பென்சில் அளவு. இப்போது ஒரு முழம். தொட்டியில் கூட இருந்த மீன்களையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. உடம்பைத் திருப்பக்கூட இடமில்லை.

கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். கொன்றுவிடலாமா? புரட்டாசி சனிக்கிழமையிலா! ஸ்ரீவில்லிபுத்தூரில், அந்த மாதம் முட்டைகூட வாசல்படி தாண்டாத வீடு எங்களுடையது.

நான் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அப்பாவும் மகளும் வாளியோடு ஸ்கூட்டரில் போய், சுந்தரபாண்டியம் பக்கத்துக் கண்மாயில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"புண்ணியமாப் போச்சு" என்றார் கணவர்.

அங்கே போய் அது எதைத் தின்னும்? அந்தக் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவர் மாடசாமி அண்ணாச்சி. வேறு பிழைப்பு கிடையாது. மழை வந்ததும் கெண்டைக் குஞ்சு விடக் காத்திருக்கிறார்.

இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு அவரிடமே போனேன். சொன்னோம். என் கணவர் பக்கம் திரும்பினார்.

"நரியை வளத்து, கோழிக்கூட்டுல விட்டுட்டு வந்திருக்கீகளே சார்!"

"பாவமேன்னுதான் அண்ணாச்சி..."

"என் குஞ்சு பாவமில்லையாக்கும்?"

மறுநாள் காலை அண்ணாச்சியும் அவர் ஆட்களும் வலை இழுத்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர். நானும் இறங்குவேன் என்றாள் மகள். சேற்றில் கால் மாட்டினால்? அது கடித்தால்? நான் பிடித்த பிடியில் அவள் மணிக்கட்டு சிவந்துவிட்டது.

"ஏலே, ஓரமா இழுங்கலே! பல்லுள்ள மீனு, கையைப் பாத்து வைங்க!"

சிக்கியது. அதே நீண்ட வாய்! எனக்கு உயிர் வந்தது. மகள் குனிந்து பார்த்தாள்.

"அம்மா... இது நம்மது இல்ல. நம்மதுக்கு வால் கொஞ்சம் கிழிஞ்சிருக்கும்."

அப்படியானால் இது எந்த வீட்டுப் புண்ணியம்? இன்னும் எத்தனை வாளிகள் இங்கே வந்து போயின?

தொட்டியில் தவிப்பது நம் கண்ணில் படுகிறது. கண்மாய்க்குள் சாகப்போவது படுவதில்லை. நம் இரக்கத்துக்குக் கிட்டப்பார்வை போலிருக்கிறது.

மீனைக் கரைக்குத் தூக்கிய அண்ணாச்சி, கையில் கட்டையை எடுத்தபடி கணவரிடம் சொன்னார்: "சார், நீங்க செத்த அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க."

பிறகு என்னிடம், "மழைக்கு முன்னால உங்க மீனைப் பிடிச்சாகணும்மா. கண்மாய் பெருகி மறுகால் பாஞ்சா, அது அடுத்த கண்மாய்க்குப் போயிரும். அங்கிட்டிருந்து அதுக்கடுத்தது..." என்றபடி மேற்கே காட்டினார். மலை கறுத்துக் கிடந்தது.

ஊரே மழை கேட்டுக் கும்பிடுகிறது. நான் மட்டும், இன்னொரு வலை இழுக்கும்வரை பொறு என்று மேகத்திடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.