பின்கோடு சொன்ன மாவட்டம்

சென்ற ஆண்டு ஜூன் மாதம், அடையாறில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் தொடங்கியது இது. இங்கிலாந்தில் உள்ள கென்ட் என்ற மாவட்டத்தின் முகவரிகளைக் கணினி வரைபடத்தில் சரிபார்ப்பது எங்கள் குழுவின் வேலை.

கென்ட் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. சாலையும் பள்ளிக்கூடமும் மாவட்டக் கவுன்சில் பொறுப்பு. குப்பை அள்ளுவது அதற்குள் இருக்கும் சின்னக் கவுன்சில்கள். மெட்வே ஆற்றங்கரை ஊர்கள் சிலவற்றுக்குக் கடிதத்தில் கென்ட் என்றே எழுதுவார்கள்; ஆனால் நிர்வாகம் முற்றிலும் தனி. பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. எந்த ஊர் யார் கையில் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஜூட் என்ற இனத்தார் கடல் கடந்து வந்து அங்கே ராஜ்ஜியம் அமைத்த கதை வரை படித்துவைத்தேன். தபால் முகவரியை நம்பி ஏமாந்த சக ஊழியர்களைத் திட்டியும் இருக்கிறேன்.

அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் அக்கா ஒருநாள் அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெட்வேக்குக் கிழக்கே பிறந்தவரை ஒரு பெயர் சொல்லியும் மேற்கே பிறந்தவரை வேறு பெயர் சொல்லியும் அழைப்பார்கள் என்று சொன்னேன்.

"ஆத்துக்கு இந்தாண்ட, அந்தாண்டன்னு அங்கயும் கீதா?" என்று சிரித்தார்.

அவர் அடையாற்றங்கரையில் பிறந்தவர். அங்கிருந்த வீடுகளை இடித்தபோது பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவர். அவர் மகள் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போகிறவள். முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால்தான் கட்டணச் சலுகை. சலுகை இல்லாவிட்டால் படிப்பே இல்லை. "ஆன்லைன்ல போடணுமாமே" என்றார் அக்கா. நானே போட்டுத் தருகிறேன் என்று ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டேன். முகவரியில் பெரும்பாக்கம், சென்னை என்று இருந்தது. பின்கோடும் சென்னைதான். மாவட்டம் சென்னை என்று தேர்ந்தெடுத்து, அந்தப் பட்டியலில் பெரும்பாக்கத்துக்குப் பக்கமாக இருந்த தாலுகாவையும் போட்டு அனுப்பினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பத்து நாள் கழித்து, நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. கலந்தாய்வுக்குச் சான்றிதழ் கொடுக்கும் கடைசித் தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அரைநாள் விடுப்பு போட்டு, அக்காவையும் அழைத்துக்கொண்டு அந்தத் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மணி நேர வரிசை, பிறகு வேறு அறை, அங்கே இன்னொரு வரிசை.

"மேடம், இது எங்க ஏரியாவே இல்ல. செங்கல்பட்டு மாவட்டம்" என்றார் எழுத்தர்.

"பின்கோடு சென்னைதானே சார்?"

"அது தபால்காரருக்கு, மேடம்."

நான் விடவில்லை. ஆதாரைக் காட்டி, குரலை உயர்த்தி, காரணம் எழுதாமல் எப்படித் தள்ளலாம் என்றெல்லாம் கேட்டேன். அக்காதான் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

"இன்னாம்மா நீ, அவர்கிட்ட போய் கத்திக்கினு கீற? நாங்க பஞ்சாயத்துக்கு ஓட்டு போடறவங்கம்மா. கார்ப்பரேஷனே கிடையாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

அவருக்குத் தெரிந்திருந்தது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த விண்ணப்பத்தை நிரப்பினேன். எந்தத் தவறு நடக்கக்கூடாது என்று சுவரில் பட்டியல் ஒட்டினேனோ, அதே தவற்றைத்தான் செய்திருந்தேன்.

மறுபடி போட்டுவிடலாம் என்று அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

"நீ வுடும்மா. அவளே போன்ல போட்டுக்குவா" என்றார் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மகளே போட்டாள். கடைசி நாள் மதியம் சான்றிதழ் வந்தது. இடமும் கிடைத்தது. அந்த அலுவலகத்தின் மேல் இருந்த எரிச்சல் அன்றைக்கே ஆறிவிட்டது. என் மேல் இருப்பது ஆறவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் உங்கள் வீடு எந்த மாவட்டம் என்று கேட்கக்கூடத் தோன்றாத அளவுக்கு எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.