பாட்டே இல்லாத படம்

மேற்கத்திய செவ்வியல் இசை படித்துவிட்டு, கோலாலம்பூரில் படங்களுக்குப் பின்னணி இசை அமைத்துப் பிழைக்கிறேன். பெரும்பாலும் பாட்டே இல்லாத படங்கள். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா, "இதுலயாச்சும் பாட்டு இருக்கா?" என்பார். இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன வருஷம் கிடைத்தது ஒரு தேயிலைத் தோட்டத்துக் கதை. கடைசிக் காட்சிக்கு நான் போட்ட வயலின் எதுவும் இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. "ஏர்கான் ரூம்ல உக்காந்து போட்ட மாதிரி இருக்கு. இன்னொரு தடவை பாருங்க, இல்லன்னா வேற ஆளத் தேடிக்கிறேன்" என்றார். கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம் வந்தது. கொழுந்து வெட்டும் மிஷினின் இரைச்சலைப் பதிவு செய்து, அதன் சுருதியிலேயே வயலினைச் சேர்க்கலாம் என்று தோன்ற, ரிங்லெட் ஊர் வழியாக மலை ஏறி, அம்மா இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கே போய்விட்டேன்.

அம்மா நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். "படத்துல யாரும் பேசாத நேரத்துல, பாக்கிறவங்களுக்கு அழுகை வருதுல்ல, அதுதாம்மா என் வேலை. நாளைக்கு இங்க ரெக்கார்டு பண்ணப் போறேன்" என்றேன். நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை, எங்கள் வீடு இருக்கும் தொழிலாளர் லயத்து வேலியோரம் பதிவுக் கருவியை ஓடவிட்டு, மேட்டில் போய் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. மிஷின் ஓடவில்லை, கோயில் ஸ்பீக்கர் பாடவில்லை. ஒருவர் மோட்டார் சைக்கிளை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார். ஊரே செத்துக் கிடந்தது. இறங்கிப் போய்க் கங்காணியிடம் விசாரித்தேன்.

"ஒங்க அம்மாதான் லயம் பூரா சொல்லி வச்சிருக்காங்க லா. சத்தம் கேட்டா மியூசிக் கெட்டுப் போயிருமாம்" என்றார், அதையும் குசுகுசுவென்று.

"அண்ணே, எனக்கு அந்தச் சத்தந்தான் வேணும்."

அவரும் ஆட்களும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு மிஷினை முடுக்கினார்கள். அந்த இரைச்சலோடு வயலினைச் சேர்த்து அனுப்பியதும் இயக்குநர், "இதுதான்" என்றார். பிழைத்தேன்.

வேலை முடிந்தபின், ஸ்டூடியோவில் வேண்டாத பதிவுகளை அழிக்க உட்கார்ந்தேன். அந்த அமைதியையும் ஒரு முறை கேட்போமே என்று ஓடவிட்டால், வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அக்காவின் குரல்.

"பாட்டே இல்லியாம்லா, அப்புறம் என்னா மியூசிக்கு?"

"பாட்டு யாரு வேணும்னாலும் போட்டுருவாங்க" என்கிறார் அம்மா. "படத்துல யாரும் பேசாத நேரத்துல நமக்கு அழுகை வரும்ல, அத எம்மவன்தான் செய்றான். நீ கொஞ்சம் வாய மூடு."

அப்புறம் யாரும் பேசவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.