மூணாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை

பிரியமான சகோதரிகளே, என் கல்யாணம் நின்றுபோக இருந்தது. ஒரு மாத்திரை அட்டையால்.

போன வருஷம், 1998. ஈஸ்டர் முடிந்ததும் எனக்கும் மயிலாப்பூர் சேவியருக்கும் கல்யாணம். தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் மூன்று ஞாயிறு அறிவிப்பார்களே, அந்த ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது.

மாம்பலத்தில் நான் டைப்பிஸ்ட். தி.நகரில் அப்போதுதான் இன்டர்நெட் சென்டர் வந்திருந்தது. வெளிநாட்டில் இருந்த ஒரு டாக்டரம்மா, கல்யாணம் ஆகப்போகும் பெண்களுக்கு இமெயிலில் பாடம் அனுப்புவார். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பமாகும் முன்பே தொடங்க வேண்டும் என்று அதில் படித்தேன். ஆழ்வார்பேட்டை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போடவும் ஆரம்பித்தேன். பெரிய படிப்பாளி என்று எனக்கே நினைப்பு.

கல்யாண ரவிக்கை தைக்க, சேவியரின் அம்மா, அதாவது எனக்கு வரப்போகும் அத்தை, அளவு ஜாக்கெட் கேட்டார். பையோடு கொடுத்தேன். அட்டை அதற்குள் கிடந்தது.

மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இது மாசமா கீறவங்களுக்குக் குடுக்கிறதாம். உன் பையில இன்னாத்துக்கும்மா?"

கம்ப்யூட்டர் சொன்னது என்றால் யார் நம்புவார்கள்? ஓலையை நிறுத்தச் சொல்லப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார். அம்மா அன்று அடுப்பே மூட்டவில்லை.

சனிக்கிழமை காலை பெசன்ட் நகர் மாதா கோயிலில் முழந்தாளிட்டு அழுதேன். மாதாவே, நான் சொன்னால் ஏறாது, அவங்க மனசோட நீங்களே பேசுங்க என்றேன்.

திரும்பி வந்தால் அத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மனசு கேட்கவில்லையாம். அந்தப் பாடத்தைக் காட்டு என்றார்.

சென்டருக்குக் கூட்டிப்போய், இங்கிலீஷை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கர்ப்பம் என்று தெரிவதற்குள்ளேயே குழந்தையின் முதுகுத்தண்டு மூடிவிடும், இந்தச் சத்து குறைந்தால் சில சமயம் மூடாமல் போகலாம் என்ற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பப் படிக்கச் சொன்னார்.

சேவியருக்கு முன்னால் அத்தைக்கு ஒரு பெண் குழந்தை. முதுகு மூடாமல் பிறந்து, தங்கவில்லை. கிரகணத்தில் வெளியே வந்தாய் என்று வீடே பழி சொல்லியிருக்கிறது. அவரும் அதை நம்பியே இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறார்.

"அப்போ நான் வெளிய வந்ததால இல்லியா?"

"இல்லை அத்தை. தாய் மேல தப்பில்லைன்னு போட்டிருக்கு."

அந்த நாற்காலியிலேயே அழுதார். நானும்தான். என் கல்யாணத்துக்காக மட்டும் கேட்டேன். மாதா அத்தைக்கும் சேர்த்துப் பதில் வைத்திருந்தார்.

ஞாயிறு மூன்றாவது ஓலை வாசித்தார்கள். வாசலில் அத்தை அட்டையை என் கையில் வைத்து, இன்றைக்குப் போட்டாயா என்று கேட்டார்.

சகோதரிகளே, பேச வாயற்று நிற்கும்போது கேளுங்கள். நமக்காகப் பேச ஆள் இருக்கிறது.

இந்த வருஷம் நான் மாசமாக இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. அத்தை மட்டும் வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, வானத்தைப் பார்க்காதே, கண்ணுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்.